ஐம்பது இலட்சத்துக்குள் சென்னையில் முதல் வீடு: கொரட்டூரா, முடிச்சூரா, ஊரப்பாக்கமா?

கேள்வி: மாலதி

அனைவருக்கும் வணக்கம். திருமணமாகி பதினோரு ஆண்டுகளாக வாடகை வீடுகளிலேயே இருந்துவிட்டோம். இந்த ஆண்டு எப்படியாவது ஒரு சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம். என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, சென்னையில் இதுவரை யாரும் வீடு வாங்கியதில்லை என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்குக் கிண்டியில் வேலை. கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. மகளுக்கு நான்கு வயது, வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார், அவருக்கு மூட்டுவலி. இப்போது வில்லிவாக்கத்தில் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். சேமிப்பு, முதிர்ந்த வைப்புத்தொகை, என் நகைகளில் ஒரு பகுதி என எல்லாம் சேர்த்து 14 இலட்சம் தேறும். மாதத் தவணை 35,000 ரூபாய்க்கு மேல் போனால் எங்களால் தாங்க முடியாது.

நான்கு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்து மூன்று இடங்களில் வந்து நிற்கிறோம். கொரட்டூரில் 13 ஆண்டுப் பழமையான கட்டடத்தில் முதல் மாடி வீடு, 820 சதுர அடி, லிஃப்ட் கிடையாது, 52 இலட்சம் சொல்கிறார்கள். முடிச்சூரில் கட்டி முடியும் தறுவாயில் உள்ள புது வீடு, 910 சதுர அடி, லிஃப்ட் உண்டு, 46 இலட்சம். ஊரப்பாக்கத்தில் குடியேறத் தயாராக உள்ள புது வீடு, 1,000 சதுர அடி, 45 இலட்சம். மேடவாக்கத்திலும் பார்த்தோம். விலை கைக்கு எட்டவில்லை என்பதால் அதை விட்டுவிட்டோம்.

சதுர அடிக் கணக்கில் பார்த்தால் ஊரப்பாக்கம்தான் மலிவு. ஆனால் அங்கிருந்து கணவர் எப்படி அம்பத்தூர் போய் வருவார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. முடிச்சூர் வீடு எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. 2015 வெள்ளத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அடையாற்றை அகலப்படுத்தியாகிவிட்டது, இனி அந்தப் பேச்சே இல்லை என்று கட்டுநர் தரப்பில் சொன்னார்கள். அதை எந்த அளவுக்கு நம்பலாம்? கொரட்டூர் வீடு பழையது, சிறியது, விலையும் அதிகம். ஒரு பகுதியை எதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கோபாலன், கொரட்டூர்

மாலதி அவர்களுக்கு, 22 ஆண்டுகளாக நான் கொரட்டூரில் குடியிருக்கிறேன். நான் குடியிருக்கும் ஊர் என்பதற்காக அதைத் தூக்கிப் பேசமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பகுதியில் வீடு மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தூரமாக இருக்கலாம், தண்ணீர் நிற்பதாக இருக்கலாம், குடிநீர் இல்லாததாக இருக்கலாம், பத்திரத்தில் சிக்கலாக இருக்கலாம். அது எந்தக் காரணம் என்று கண்டுபிடித்து, அதோடு இருபது ஆண்டுகள் வாழ முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காரணம் தெரியாமல் மலிவு என்று வாங்கியவர்கள்தான் பின்னால் விற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிறார்கள்.

முடிச்சூரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் முடிச்சூரை அடுத்த தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்துக்கெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் வந்து சேரும் இடம் ஆற்றின் போக்கில் முடிச்சூரைத் தாண்டித்தான் இருக்கிறது. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் முதலிய மேற்பகுதி ஏரிகளிலிருந்து வந்த நீர். அடையாறு பிறப்பதே அந்த ஏரிகளின் உபரியில்தான். ஆற்றை அகலப்படுத்தியது உண்மைதான், அதனால் பயனும் உண்டு. ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பகுதிகளில் மறுபடியும் தண்ணீர் புகுந்தது. எட்டு ஆண்டுகளில் இரண்டு முறை நடந்ததை இனி நடக்காது என்று ஒருவர் சொன்னால் அதை விற்பவரின் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முடிச்சூர் முழுவதையும் நான் ஒதுக்கவில்லை, அங்கும் மேடான தெருக்கள் உண்டு. உங்கள் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே கேள்வி.

கொரட்டூருக்கும் இதே அளவுகோல்தான். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கு வரும், அங்கிருந்து ரெட்டேரிக்குப் போகும். இந்த வரிசையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறது எங்கள் ஊர். 2015-இல் என் வீட்டு வாசலில் இரண்டாம் படி வரை நீர் நின்றது. சம்பு மோட்டார் எரிந்துபோனது. ஆறு நாட்கள் மாடி வீட்டுக்காரரின் சமையலறையில்தான் எங்கள் சமையலும் நடந்தது. ஆனால் இதே கொரட்டூரில் மூன்று தெரு தள்ளி மறுநாள் காலையில் பால் வண்டி வழக்கம்போல் வந்து போயிற்று.

ஏரி இருந்த இடம் என்பதற்காகவே ஒன்றை வேண்டாம் என்று தள்ளினால் சென்னையில் பாதி இடங்களைத் தள்ள வேண்டியிருக்கும். தியாகராய நகரே 1920-களில் பழைய நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்புதான். தாங்கல், ஏந்தல், ஏரி என்று முடியும் பெயர்களைப் பார்த்ததும் எச்சரிக்கை கொள்வது நல்லது, ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பெய்த நீர் எந்த வழியாக எங்கே போகிறது, அந்த வழி இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்க்கலாம். உங்கள் எண்ணை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். பக்கத்து எண் வாய்க்கால் என்றோ ஓடைப் புறம்போக்கு என்றோ இருந்து, நேரில் போனால் அங்கே வீடுகள் நிற்கின்றன என்றால், அந்த நீர் உங்கள் தெரு வழியாகத்தான் போகும்.

நேரில் பார்க்கவேண்டிய அடையாளங்களும் உண்டு. மின் மீட்டர் பெட்டிகளைத் தலைக்கு மேல் உயர்த்தி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தத் தெருவின் பழைய வீடுகளில் வாசலிலிருந்து தெருவுக்கு ஏற வேண்டியிருக்கிறதா அல்லது இறங்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, என் வீட்டு வாசலில் நான்கு படிகள் இருந்தது இன்றைக்கு ஒன்றரைப் படியாகிவிட்டது. சுற்றுச்சுவரில் புதுச் சுண்ணாம்பு இடுப்பளவுக்கு மட்டும் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். தரகரிடம் கேட்பதைவிட அந்தத் தெருமுனையில் பத்து ஆண்டுகளாக இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம் கேட்பது மேல். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த அன்று மாலையில் ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். தண்ணீர் நிற்காத தெரு சென்னையில் அபூர்வம். எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குடிநீரையும் விடாதீர்கள். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்று பொருள். ஒரு பாட்டில் நீரைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் துவரம்பருப்பை வேக வையுங்கள். வேகாமல் முரண்டு பிடித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பதில்: பூங்குழலி

மாலதி, நான் 2019-இல் ஊரப்பாக்கத்தில் வீடு வாங்கினேன். இன்றுவரை வருத்தம் இல்லை. ஆனால் என்னுடைய நிலையும் உங்களுடையதும் வேறு. எனக்கு மறைமலைநகரில் வேலை, கணவருக்கு மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் வேலை. இருவரும் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் போகிறோம், இரயிலில் உட்கார்ந்தே போகிறோம்.

உங்கள் வீட்டில் ஒருவர் கிண்டிக்கும் மற்றவர் அம்பத்தூருக்கும் போக வேண்டும். கிண்டிக்கு நேர் இரயில் உண்டு என்பதால் உங்களுக்குச் சமாளித்துவிடலாம். என்றாலும் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் இரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுவதால், மாலையில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். உங்கள் கணவர் பூங்கா நிலையத்தில் இறங்கி, எதிரே சென்ட்ரலுக்கு நடந்து, அங்கிருந்து அரக்கோணம் வழித்தட இரயிலில் பட்டரவாக்கமோ அம்பத்தூரோ போக வேண்டும். வண்டலூர் வெளிவட்டச் சாலையில் இருசக்கர வண்டியில் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். லாரிகள் பறக்கும் அந்தச் சாலையில் மழைநாளில் தினமும் ஒருவர் போய்வருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர்ப் பயணம் எங்களுக்கு எளிதாகிவிட்டது. ஆனால் பண்டிகைக்கு முந்தைய நாட்களில் எங்கள் ஊர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைக் கடக்கவே முடிவதில்லை.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். மகள் பள்ளியிலிருந்து மூன்று மணிக்கு வந்துவிடுவாள். அவளுக்குத் திடீரென்று காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தால் உங்கள் இருவரில் யார் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியும்? மாமியாரால் படியிறங்கி ஆட்டோ பிடித்துப் போக முடியாது அல்லவா? வீடு தேடும்போது நான் இதை யோசிக்கவில்லை. என் மகனுக்கு ஒருநாள் பள்ளியில் கை முறிந்தபோதுதான் யோசித்தேன். அன்றைக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்ததால் இருபது நிமிடத்தில் போய்விட்டேன்.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. கழிவுநீர்த் தொட்டியை லாரி வைத்து எடுக்க வேண்டும். கோடையில் தண்ணீர் லாரியும் வாங்குகிறோம். இவை இரண்டும் சேர்ந்து பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும் என்பதால், சதுர அடி விலையோடு மாதச் செலவையும் கேட்டு வாங்குங்கள்.

பதில்: செல்வராசு

வணக்கம். நான் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் 18 ஆண்டுகள் பணியாற்றியவன். பகுதியைப் பற்றி மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். உங்கள் பணக் கணக்கு இன்னும் சரியாக அமையவில்லை என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் தரலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது, அவற்றை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. கொரட்டூர் வீட்டை 52 இலட்சத்துக்கே பதிவு செய்தால் உங்கள் பங்கு 10.40 இலட்சம், பதிவுச் செலவு 4.68 இலட்சம், ஆக 15.08 இலட்சம். உங்கள் 14 இலட்சம் அதற்கே போதாது. வழக்கறிஞர் கட்டணம், தரகு, வண்ணப்பூச்சு, வண்டி வாடகை எல்லாம் அதற்கு மேல். அதே வீடு 46 இலட்சத்துக்கு முடிந்தால் 9.20 இலட்சமும் 4.14 இலட்சமும் சேர்ந்து 13.34 இலட்சம் ஆகும். கடன் 36.80 இலட்சம். எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 31,900 ரூபாய். ஆகவே ஐம்பது இலட்சம் என்று நீங்கள் வைத்திருக்கும் எல்லையை 46 என்று மாற்றிக்கொள்வதே நல்லது. கடைசி ரூபாய் வரை வீட்டில் போட்டுவிட்டு, முதல் ஆண்டிலேயே மருத்துவச் செலவுக்குத் தனிநபர் கடன் வாங்கிய குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புது வீட்டுக்குக் கணக்கு வேறு. அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையில் மதிப்பு 50 இலட்சம் வரை இருந்தால் முத்திரைத் தீர்வை 4 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும்தான், இந்தச் சலுகை 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆனால் பணிநிறைவுச் சான்று பெறாத கட்டடம் என்றால் ஜி.எஸ்.டி. எனப்படும் சரக்கு, சேவை வரி உண்டு. விலை 45 இலட்சத்துக்கு மிகாமலும் உட்பரப்பு 60 சதுர மீட்டருக்கு மிகாமலும் இருந்தால் 1 விழுக்காடு, இரண்டில் ஒன்று மீறினாலும் 5 விழுக்காடு. முடிச்சூர் வீட்டுக்கு 46 இலட்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு இலட்சத்துக்காகவே நீங்கள் 2.30 இலட்சம் வரி கட்ட நேரலாம். அந்த விலையில் வரி அடங்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பழைய வீடு என்று கொரட்டூரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், மண்தான் மதிப்பு ஏறும். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்வது எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு. அந்தக் கட்டடம் எழுந்தபோது அது பொதுவாக 1.5 ஆக இருந்தது. 2019 விதிகளில் அது 2 ஆனது. அதனால் பழைய கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மண்ணில் அந்த வீட்டுக்கு உரிய அளவு, பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். மூன்று வீடுகளுக்கும் அந்தப் பங்கு எத்தனை சதுர அடி என்று கேட்டு எழுதிவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் தீராத அடமானம் இருக்கிறதா என்பதை வழக்கறிஞர் பார்ப்பார். அதோடு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை நீங்களே எண்ணுங்கள். நான் பார்த்த ஒரு கட்டடத்தில் தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கட்டத்தான் அனுமதி, எழும்பி நின்றதோ மூன்று மாடி. அந்த மூன்றாவது மாடியை வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு இளம் தம்பதி எங்கள் கிளைக்கு வந்தார்கள். கடனை மறுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பெண் வரைபடத்தை என் மேசையில் விரித்துவைத்து, தன் வீடு அதில் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டே இருந்தாள்.

மீண்டும் மாலதி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பூங்குழலி கேட்ட அந்த ஒரு கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லாததால் ஊரப்பாக்கத்தை அன்றிரவே விட்டுவிட்டோம். முடிச்சூரில் கட்டடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் அம்மா, 2015-இல் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று கதவின் மேல் கீலைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு எங்களுக்கு அந்த வீட்டைப் பற்றிப் பேச மனம் வரவில்லை.

கோபாலன் ஐயா சொன்னபடி, போன வியாழக்கிழமை மழையில் கொரட்டூருக்குப் போனோம். மாலை ஆறு மணிக்குத் தெருமுனையில் கணுக்கால் அளவு நீர் இருந்தது, மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாலை ஈரமாக மட்டுமே இருந்தது. 2015-இல் தெருவில் முழங்காலளவு நின்றது, 2023-இல் ஒரு பகலும் ஓர் இரவும் நின்றது என்று இஸ்திரிக்காரர் சொன்னார். தரைத்தள வீட்டுக்குள் வந்ததா என்று கேட்டதற்கு மட்டும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கணவருக்கு ஒரே ஒரு நிலையம் தள்ளிப் பட்டரவாக்கம். நான் பேருந்தில் திருமங்கலம் போய் மெட்ரோவில் ஆலந்தூரில் மாறிக் கிண்டிக்குப் போய்ப் பார்த்தேன், அதுவும் சரியாக வருகிறது.

இப்போது புதிதாக ஒரு குழப்பம். முதல் மாடி வீட்டுக்காரர் 49-க்கு இறங்கியிருக்கிறார். அதே கட்டடத்தில் தரைத்தள வீடும் விற்பனைக்கு இருக்கிறது, 45 சொல்கிறார்கள். செல்வராசு ஐயா சொன்ன எல்லைக்குள் வருவது அதுதான். மாமியாரின் மூட்டுவலிக்கும் அதுதான் வசதி. எதை எடுப்பது?

பதில்: கோபாலன், கொரட்டூர்

முதல் மாடியை எடுங்கள். தெரு நீர் வாசலைத் தாண்டாவிட்டாலும், பெருமழையில் சாக்கடைக் குழாய் நிரம்பினால் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு முதலில் மேலே வருவது தரைத்தளக் கழிப்பறையில்தான். எங்கள் தெருவில் 2023-இல் இரண்டு வீடுகளில் இதுதான் நடந்தது. தரைத்தளத்துக்கு நான்கு இலட்சம் குறைத்துச் சொல்வதன் காரணத்தை அந்தக் கட்டடத்தில் தொடக்கத்திலிருந்து இருப்பவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவர்களில் ஒருவர் எனக்குப் பழக்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் அறிமுகப்படுத்துகிறேன்.

படிகளைப் பற்றிய கவலை நியாயமானதுதான். எனவே முன்பணம் பேசுவதற்கு முன் மாமியாரை அழைத்து வந்து ஒருமுறை ஏறச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒன்றாகக் கைப்பிடி, நடுத்திருப்பத்தில் உட்கார ஒரு சிறு திண்ணை என்று சங்கத்தின் சம்மதத்தோடு செய்துகொள்ளலாம், என் மனைவிக்காக நாங்கள் அப்படித்தான் செய்தோம். விலையை 46-க்குக் கொண்டுவரப் பாருங்கள். அந்த வீடு ஐந்து மாதமாகப் பூட்டியே கிடக்கிறது என்பதும், லிஃப்ட் இல்லை என்று இதற்கு முன் வந்த இருவர் திரும்பிப் போய்விட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.